ரெண்டு கார் விசிறியும் ஓர் இடது காலும்

ஜூன் 10, செவ்வாய்

மோனிஷா, நீ வாங்கிக் கொடுத்த நோட்டில் இன்னிக்குத்தான் முதல் எழுத்து. "சிக்னல் இல்லாத மலைக்குப் போறீங்க, நடந்ததைத் தினமும் எழுதி வைம்மா, வந்ததும் படிக்கிறேன்"னு சொன்னே. அஞ்சாவதோட நின்னவ எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். தப்பு இருந்தா சிரிச்சுக்கோ. நர்சுக்குப் படிக்கிற திமிர்ல சிவப்பு மையால திருத்தாதே.

கரூர்ல கொசுவலை ஏத்திப் பத்து நாள் ஆச்சு. இப்போ மிசோரம் மலையில் நிக்கிறோம். நிக்கிறோம்னா, நிஜமாவே நிக்கிறோம். மத்தியானம் ஒரு வளைவில் எஞ்சின்ல படபடன்னு சத்தம். உங்கப்பா ஓரங்கட்டிக் கேபினைச் சாய்ச்சுப் பார்த்தா, ரேடியேட்டருக்குக் காத்து இழுக்கிற விசிறி நாலு இலையும் உடைஞ்சு கிடக்கு. அந்த விசிறி இல்லாம இந்த மேட்டுல ஒரு கிலோமீட்டர் ஏறினா எஞ்சின் கொதிச்சு ஆவியாகிடும்.

அவசரக்காரர், சூடு ஆறுமுன்னே ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டார். கொதிக்கிற தண்ணி இடது காலில் கொட்டிருச்சு.

"சுடுதுங்களா மாமா?"ன்னு பதறினேன்.

"இல்ல புள்ள, வெதுவெதுன்னு இருக்குது."

சர்க்கரை வந்ததிலிருந்து அவர் காலில் எறும்பு கடிச்சாலும் தெரியறதில்லை, உனக்குத் தெரிஞ்சதுதான். "இதுவே வெதுவெதுப்புன்னா, இனிமே ரசத்தை உங்க கால்லயே சுட வெச்சுக்கறேன்"னேன். சிரிச்சார். சின்னக் கொப்புளம். செருப்புக் கடி அளவுதான்.

ஜூன் 11, புதன்

ராத்திரி பூரா மழை. காலையில் முன்னாடி ரெண்டு கிலோமீட்டர்ல மலை சரிஞ்சு ரோட்டை மூடிருச்சு. மத்தியானம் பின்னாடியும் சரிஞ்சுது. நடுவுல பதினெட்டு லாரி, ஒரு பஸ், பத்து இருபது வீடு, ஒரு சர்ச், ஒரு கடை. கோழிக் கூண்டுல மூடி போட்ட மாதிரி இருக்கு.

"இத்தனை வருசமா எங்கயாவது ஓரிடமா உக்காரலாம்னு கேட்டியே, இப்போ உக்காரு"ங்கறார். நான் கேட்டது கொடைக்கானல்.

ஜூன் 12, வியாழன்

மழை. மழை. சாதம். மழை.

ஜூன் 13, வெள்ளி

கடைக்காரி பேரு பூயி. முழுப்பேரு நீளமா இருக்கு, என் வாய்க்குள்ள நுழையலை. என் வயசுதான் இருக்கும். அவ பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவளுக்குப் புரியாது, ஆனா ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம். அவ புருசனும் டிரைவர்தானாம். கையை ஸ்டியரிங் மாதிரி சுத்திக் காட்டி, அப்புறம் கன்னத்துல கை வெச்சுத் தலையாட்டினா. எனக்குப் புரிஞ்சுது. உலகம் பூரா டிரைவர் பொண்டாட்டிக்கு ஒரே பாஷை.

உங்கப்பா கொப்புளம் உடைஞ்சிருக்கு. மஞ்சள் வெச்சுத் துணி கட்டினேன். நீ கத்துவே, மஞ்சள் வைக்காதேன்னு. வேற என்ன இருக்கு இங்க.

ஜூன் 14, சனி

மண் அள்ளுற பட்டாளத்து ஆபீசர் வந்து வரிசையா ஒவ்வொரு வண்டியும் பார்த்தார். முன்பக்கம் வெள்ளிக்கிழமை ஒரு வண்டி போற அகலத்துக்குத் திறப்பாங்களாம். ஆறு கிலோமீட்டர் செங்குத்து ஏத்தம், சேறு. நடுவுல ஒரு வண்டி நின்னா பின்னாடி வர்ற எல்லாரும் மாட்டிக்குவாங்க. அதனால் ஓட்டம் சரியில்லாத வண்டியை விடமாட்டார். மீறி ஏறி நடுவழியில் நின்னா, இயந்திரத்தால் தள்ளிப் பள்ளத்துல விட்டுருவாராம். இந்தியில் சொன்னார், உங்கப்பா எனக்குத் தமிழில் சொல்லும்போது 'பள்ளத்துல' மட்டும் சத்தம் குறைஞ்சு போச்சு.

நம்ம வண்டிக்கு விசிறி வரணும்னா சில்சாரிலிருந்து வரணும். சில்சாருக்கும் நமக்கும் நடுவுல ஒரு மலை படுத்திருக்கு.

சாயங்காலம் பூயி கையைப் பிடிச்சுக் கடைக்குப் பின்னாடி கூட்டிக்கிட்டுப் போனா. அங்க ஒரு கார். டயர் இல்லை, கதவு இல்லை, உள்ளே பூசணிக்கொடி. மூக்குப் பக்கம் குனிஞ்சு காட்டினா. ரெண்டு விசிறி, கரண்டுல ஓடுற விசிறி. ஒண்ணு எஞ்சினுக்கு, ஒண்ணு ஏசிக்கு. பூசணிப்பூவை அண்ணாந்து பார்த்துக்கிட்டு ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி உக்காந்திருக்கு.

உங்கப்பாகிட்ட ஓடி வந்து சொன்னேன். எழுந்து நடந்து வந்து பார்த்தார். நாலு தடவை நின்னு நின்னு வந்தார். "மழைத்தண்ணி, வழுக்குது"ன்னார்.

ஜூன் 15, ஞாயிறு

ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போனா பூயி ரெண்டு கையும் விரிச்சு வழியை மறிச்சுட்டா. இந்த ஊரில் ஞாயித்துக்கிழமை யாரும் வேலை தொடமாட்டாங்களாம். ஒரு திருகு கூடக் கழட்டக் கூடாது. கடையும் பூட்டு. ஊரே சுத்தமான துணி போட்டுக்கிட்டு சர்ச்சுக்குப் போச்சு.

நானும் போய்க் கடைசி பெஞ்சில் உக்காந்தேன். பாட்டு நல்லா இருந்துச்சு. என்ன வேண்டினேன்னு கேக்காதே.

அவர் கட்டை அவிழ்த்தேன். சின்ன விரல் ரெண்டும் கருப்பட்டி நிறத்துல இருக்கு. "மாமா, உங்க காலு பாகு காய்ச்சுது"ன்னேன். வாடைக்கு ஊதுவத்தி ஏத்தினேன். சாமிக்குன்னு நெனச்சுக்கிட்டார்.

ஜூன் 16, திங்கள்

விசிறி ரெண்டும் கழட்டியாச்சு. கழட்டினது நான். அவர் வண்டிப் படியில் காலை நீட்டி உக்காந்து சொல்லச் சொல்ல, நான் பூசணிக்கொடிக்குள்ள படுத்துக்கிட்டு. பூயி குடை பிடிச்சா. குடை அவ தலைக்குத்தான் பிடிச்சா.

இப்போ ஒரு சங்கடம். நம்ம லாரி இருபத்திநாலு வோல்ட்டு, கார் விசிறி பன்னெண்டு வோல்ட்டு. அது தெரியாம ஒண்ணை எடுத்து நேரா பேட்டரியில் வெச்சேன். மிளகாய் தின்ன பூனை மாதிரி கத்திச்சு.

"எடு புள்ள, எடு, செத்துரும்"னு அவர் படியிலிருந்து கத்தினார். எடுத்துட்டேன். சாகலை. நான்தான் பாதி செத்தேன். இந்த ஊரில் கரண்டு விசிறி வேற எங்கயும் கிடையாது.

ஜூன் 17, செவ்வாய்

"சீரியல்ல போடலாம்"னார் காலையில்.

"இந்த நேரத்துல எந்த டிவியில சீரியல் பாக்கப் போறீங்க?"

"அடி கழுதை. சீரியல் லைட்டு தெரியுமில்ல, கோயில் திருவிழாவில் மரத்துல சுத்தறது. ஒண்ணோட வாலில் இன்னொண்ணோட தலை. ரெண்டையும் அப்படிக் கோத்துட்டா இருபத்திநாலு ரெண்டாப் பிரிஞ்சு ஆளுக்குப் பன்னெண்டு."

"ஒண்ணு அவிஞ்சா?"

"ரெண்டும் நின்னுரும்."

கோத்தேன். பழைய விசிறி இருந்த இடத்துல ரேடியேட்டர் முதுகில் ரெண்டையும் ஒட்டி வெச்சுக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். உரசாம இருக்க என் ரப்பர் செருப்பை வெட்டி அணை கொடுத்தேன். மோனிஷா, உங்கம்மா இப்போ வெறுங்காலில் இருக்கா. ஒயரை நீளமா இழுத்து, வெளியே சட்டத்துல தொங்குற பேட்டரிப் பெட்டி வரைக்கும் கொண்டு போய்க் கிளிப்பு மாட்டினேன். சுவிட்சு வெச்சா உருகிரும்னார், அதனால் நேரடி.

ஓடுச்சு. ரெண்டும் ஒரே மாதிரி சுத்துது. ஊரே கைதட்டுச்சு. எஞ்சினைக் கிளப்பி அரை மணி ஓடவிட்டோம். முள்ளு ஏறுது, ஏறுது, சிவப்புக் கோட்டைத் தொட்டுருச்சு. விசிறியே இல்லாதப்போ கூட இவ்வளவு சீக்கிரம் ஏறலை.

அவர் மூஞ்சி சுண்டிப் போச்சு. நான் லோடுலேருந்து பிரிஞ்சு கிடந்த ஒரு துண்டு கொசுவலையை எடுத்து வண்டி மூக்குக்கு முன்னாடி பிடிச்சேன். காத்தை உள்ள இழுத்தா வலை மூக்குக் கம்பியில் ஒட்டணும். ஒட்டலை. என் மூஞ்சியில் வந்து அடிச்சுது. விசிறி ரெண்டும் தலைகீழாச் சுத்தி, எஞ்சின் சூட்டை எடுத்து ரேடியேட்டருக்கே ஊதிக்கிட்டிருக்கு.

"எர்த்தை மாத்திப் போட்டிருக்கே. கறுப்பு ஒயரை எங்க மாட்டினே?"

"கறுப்பு எங்கிருக்குது நம்ம வண்டியில?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். வண்டி வாங்கின வருசம் சங்ககிரியில் ஒயரிங் பண்ணும்போது, புது வண்டிக்குள்ள கறுப்பு வரக்கூடாது, ஆகாதுன்னு ஒத்தைக்கால்ல நின்னவ நான்தான். எலக்ட்ரீசியன் தலையில் அடிச்சுக்கிட்டு எல்லா ஒயரும் சிவப்பும் மஞ்சளுமாப் போட்டான். அதில் மிச்சமான ஒயர்லதான் இன்னிக்குக் கோத்தேன். ரெண்டு முனையும் சிவப்பு. எது எர்த்துன்னு அந்த ஆத்தாளுக்கே தெரியாது.

"மங்களகரமா இருக்குது புள்ள"ன்னார். இருபத்தஞ்சு வருசத்துல அவர் என்னைக் கிண்டல் பண்ணி நான் வாயடைச்சது இதுதான் முதல் தடவை. குறிச்சு வெச்சுக்கோ.

முனையை மாத்தினேன். வலை போய்ச் சப்புன்னு ஒட்டிக்கிச்சு. முள்ளு பாதியில் நின்னுது.

ஜூன் 18, புதன்

சர்க்கரை மாத்திரை முந்தாநாளே தீர்ந்து போச்சு. காய்ச்சல்.

பூயி வந்து கட்டைப் பார்த்தா. வெளியே போய் நாலு ஆம்பளைகளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. மூங்கில் கட்டி, ஒத்தையடிப் பாதையில் பதினாலு கிலோமீட்டர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போறாங்களாம். நாளைக்கே.

"வண்டியை விட்டு வரமாட்டேன்"னார்.

"வண்டி எங்கயும் ஓடிப்போகாது மாமா. ஓட வழியிருந்தா நாமளே போயிருப்போம்."

"போனா காலை வெட்டிருவானுங்க புள்ள. வெட்டிட்டா அப்புறம் வண்டியை யாரு ஓட்டறது?"

வெள்ளிக்கிழமை ரோடு திறக்கலைன்னா மூங்கிலில் ஏறணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். என் தலையில் அடிச்சுக் கொடுத்தார். அது சரியா தப்பான்னு

(மேலே பாதியில் நிறுத்தினதைக் கண்டுக்காதே. அடுப்புல பால் பொங்கிருச்சு.)

ஜூன் 19, வியாழன்

பால் பொங்கலை. இங்க பாலே கிடையாது.

இடது காலால் கிளச்சை அமுக்க முடியலை அவரால். காலையில் சும்மா அமுக்கிப் பார்த்தார். கால் பெடலில் இருக்கா இல்லையான்னே தெரியலை, குனிஞ்சு பார்த்துப் பார்த்து வைக்கிறார். வேற டிரைவரைக் கேக்கலாம்னேன். பதினெட்டு வண்டிக்கும் ஒவ்வொரு டிரைவர்தான் இருக்கான், எவனும் தன் வண்டியை விட்டு வரமாட்டான்.

அப்புறம் நான்தான் சொன்னேன். அவர் சீட்டுக்கு இடது பக்கம் எஞ்சின் மூடி மேல நான் உக்காந்தா, என் வலது கால் நேரா கிளச்சுக்குப் போகும். ஸ்டியரிங்கும் கியரும் பிரேக்கும் அவருது. கிளச்சு என்னுது.

"உனக்குப் பைத்தியமா?"

"திருச்செங்கோட்டு மலைமேல நிக்கிற சாமிக்கும் இடது பாதி அம்மன்தானுங்களே. அர்த்தநாரின்னு உங்களுக்குப் பேரு வெச்சவங்க தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க. இனிமே அந்தக் கால் என்னுது."

நாள் பூரா நின்ன இடத்துலயே பழகினோம். "மிதி"ன்னா மிதிக்கணும், "விடு"ன்னா மெதுவா விடணும். முதல் நாலு தடவை வண்டி தவளை மாதிரி குதிச்சுது. பின்னாடி வண்டி பீகார்க்காரன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். ஒருத்தர் மடியில் ஒருத்தர் ஏறாத குறையா உக்காந்திருக்கோம். "நமஸ்தே பாபி"ன்னு என்னை அண்ணியாக்கிட்டுப் போயிட்டான். பதினெட்டு வண்டியிலும் என்ன பேச்சு ஓடுதோ.

காய்ச்சல் குறையலை.

ஜூன் 21, சனி

நேத்து எழுத முடியலை. இப்போ ஐஸால் ஆஸ்பத்திரி வராந்தா. நேத்து நடந்ததை வரிசையா எழுதறேன்.

காலை ஒன்பது மணிக்குத் திறந்தாங்க. ஆபீசர் நம்ம வண்டி முன்னாடி வந்து நின்னு, விசிறியைப் பார்த்தார், என் செருப்புத் துண்டைப் பார்த்தார், கொசுவலைத் துண்டு ஒட்டறதைப் பார்த்தார். கேபினுக்குள்ள பார்க்கலை. பார்த்திருந்தா விட்டிருக்கமாட்டார். போகச் சொன்னார். பூயி என் கையில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் செருப்பைத் திணிச்சா. ஒரு சைஸ் சின்னது.

ஏழாவது வண்டியா ஏறினோம். மிதி, விடு. முதல் கியரில் போட்டாச்சுன்னா அப்புறம் கிளச்சு தேவையில்லை, நத்தை மாதிரி ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமில்லை. முள்ளு பாதிக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. விசிறிச் சத்தம் ஒரே சீரா கேட்டுக்கிட்டிருந்துச்சு. உங்கப்பா உடம்பு அனல், என் தோள்ல பட்டுக்கிட்டே இருக்கு. எஞ்சினைக் குளுத்தினோம், இவரைக் குளுத்த என்ன பண்றதுன்னு நெனச்சேன்.

நாலு கிலோமீட்டர் தாண்டி ஒரு பள்ளத்துல வண்டி குலுங்கிச்சு. விசிறிச் சத்தம் நின்னு போச்சு.

"கிளிப்பு கழண்டிருச்சு"ன்னார். முள்ளு ஏற ஆரம்பிச்சுது. நிறுத்த முடியாது. நிறுத்தினா இந்தச் சேத்துல திரும்பக் கிளம்பாது. மேல வளைவில் மஞ்சள் இயந்திரம் கையைத் தூக்கிக்கிட்டு நிக்குது, தள்ளிவிட.

"இறங்கறேன்"னேன்.

"கிளச்சு?"

"இதே கியரில் போங்க. மாத்தாதீங்க."

எண்பது கிலோ உடம்போட ஓடுற வண்டியிலிருந்து இறங்கினேன். பூயி கொடுத்த செருப்பு ரெண்டும் சேத்தோட போச்சு. பேட்டரிப் பெட்டி பக்கம் போய்ப் பார்த்தா கிளிப்பு வாய் உடைஞ்சு தொங்குது. மாட்ட வழியில்லை. கையால் எடுத்துப் பேட்டரிக் கொம்பில் அழுத்திப் பிடிச்சேன். பொறி பறந்துச்சு, விசிறி ஓடுச்சு. கையை எடுத்தா நின்னுரும்.

பிடிச்சுக்கிட்டே நடந்தேன். வண்டி நடக்கிற வேகம்தான், ஆனா அது களைக்காது, எனக்கு மூச்சு வாங்குது. ஒயர் சூடாகிக் கை கொப்புளிச்சுது, முந்தானையைச் சுத்திக்கிட்டேன். ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்கும். உள்ளே அவர் என்ன பண்றாருன்னு தெரியாது, கண்ணு சொருகிட்டா யாரு பாக்கறது? அதனால் கத்திக்கிட்டே நடந்தேன். "மாமா, இருக்கீங்களா?" "இருக்கேன்." "மாமா?" "இருக்கேன் புள்ள." இயந்திரத்துக்காரன் வாயைப் பிளந்துக்கிட்டு எங்களைப் பார்த்தான், கையைத் தூக்கினவன் தூக்கினபடியே.

உச்சியில் சமதளம் வந்ததும் அவரே எஞ்சினை அணைச்சுட்டார். கதவைத் திறந்தேன். ஸ்டியரிங் மேல தலை வெச்சிருந்தார்.

மேல ஆம்புலன்ஸ் நின்னுச்சு. வண்டியை அங்கயே விட்டுட்டோம். சாவியை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

இங்க ஒரு மலையாள நர்சு இருக்கா, ஷைனின்னு பேரு, தமிழ் பேசறா. எப்போ சுட்டது, எப்போ நிறம் மாறுச்சு, எப்போ காய்ச்சல்னு டாக்டர் தேதி தேதியா கேக்கச் சொன்னாராம். நோட்டைக் கொடுத்தேன். தமிழ் படிக்க வராதாம், நானே படிக்கச் சொன்னா. படிச்சேன். "செருப்புக் கடி அளவு." "மழைத்தண்ணி, வழுக்குது." "பாகு காய்ச்சுது." ஒவ்வொண்ணா நிறுத்தி, "சேச்சி, அன்னிக்கு நிசமா எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா. ஒவ்வொண்ணுக்கும் நிசத்தைச் சொன்னேன். பத்தாம் தேதி கொப்புளம் எலுமிச்சம்பழம் பெருசு. பதினாலாம் தேதியே நடக்க முடியலை. அவ எழுதிக்கிட்டா.

நேத்து சாயங்காலமே ரெண்டு விரலும் எடுத்துட்டாங்க. பாதம் நிக்குமா, முழங்காலுக்குக் கீழ எடுக்கணுமான்னு நாளைக்குக் கட்டு பிரிச்சாத்தான் சொல்வாங்களாம். டாக்டர் முன்னாடியே காகிதத்தை நீட்டி வெச்சுட்டார், ஒருவேளை எடுக்கணும்னா நேரம் போகக்கூடாதுன்னு. உங்கப்பா மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார். நான் போட்டேன் கையெழுத்து.

அப்புறம் பக்கத்துல உக்காந்தேன். கிண்டலா ஏதாவது சொல்லலாம்னு பார்த்தேன், ஒண்ணும் வரலை.

"புள்ளைகிட்ட சொல்லாதே"ன்னார். "பரீட்சை இருக்குது அவளுக்கு."

சரின்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

கட்டு இன்னும் பிரிக்கலை. காலையில் போனுக்குச் சார்ஜ் ஏறினதும் நீ கூப்பிட்டே. உன் அப்பா சிரிச்சு சிரிச்சுப் பேசினார், டீ குடிச்சுக்கிட்டிருக்கோம்னார். பக்கத்துல மூத்திரப் பை தொங்குது. நீ, "ஏம்ப்பா குரல் இப்படி இருக்கு"ன்னு கேட்டே. "மலைக்காத்து"ன்னார்.

நான் போனை வாங்கி வராந்தாவுக்கு வந்தேன். சொன்னேன். வெந்நீர் கொட்டினதிலிருந்து காகிதத்துல கையெழுத்துப் போட்டது வரைக்கும், ஒரு இடத்துலயும் சிரிக்காம. நீ அழுவேன்னு நெனச்சேன். அழலை. சர்க்கரை எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, கட்டுல ரத்தமா சீழான்னு நர்சம்மா மாதிரி கேட்டே. தெரிஞ்சதைச் சொன்னேன், தெரியாததுக்கு ஷைனியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

கடைசியா, "நான் கெளம்பி வரேம்மா"ன்னே.

மூணு நாள் ரயிலு, பரீட்சை, தனியா வர்ற பொண்ணு, வேண்டாம் சாமி, நான் இருக்கேனில்ல, பார்த்துக்கறேன்னு சொல்ல எல்லாம் வாயில் தயாரா இருந்துச்சு. இத்தனை வருசமும் அதைத்தான் சொல்லியிருக்கேன்.

"வா"ன்னேன்.